உணவுப் பரிசோதனையில் உயிரி உணரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால், நிலக்கடலை, காய்கறி, மீன் போன்றவற்றில் நச்சுப் பொருளோ நோய்க்கிருமியோ இருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் காட்டும் சிறு கருவிகளைப் பற்றிப் பால் கூட்டுறவுச் சங்கத்தினரும், சிறிய அளவில் உணவுத் தொழில் நடத்துவோரும், மாணவர்களும், நுகர்வோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இக்கருவிகளால் என்ன முடியும் என்பதைப் போலவே என்ன முடியாது என்பதற்கும் நிறைய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விற்பனைத் துண்டறிக்கைகளில் அந்தப் பாதி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

உயிரி உணரி என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்ளும் உயிரியல் மூலக்கூறு ஒன்றையும், அது பற்றிக்கொண்ட செய்தியை மின்னோட்டமாகவோ நிறமாகவோ ஒளியாகவோ மாற்றிக் காட்டும் பகுதி ஒன்றையும் நெருக்கமாக இணைத்து அமைத்த கருவியே உயிரி உணரி. பயோசென்சர் என்றே பலரும் சொல்வார்கள். இனங்காணும் வேலையை நொதியோ, எதிர்ப்பொருளோ (ஆன்டிபாடி), டி.என்.ஏ. இழையோ, சில கருவிகளில் உயிருள்ள நுண்ணுயிரியோ செய்கிறது.

இத்துறையின் தொடக்கம் அமெரிக்க ஆய்வாளர் லீலண்ட் கிளார்க்கிடம் இருக்கிறது. 1956-இல் ஆக்ஸிஜனை அளக்கும் மின்முனையை அறிமுகப்படுத்திய அவர், 1962-இல் லயன்ஸ் என்பவருடன் சேர்ந்து, அந்த மின்முனையின் மேல் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைப் பொருத்தினால் சர்க்கரையின் அளவை அறியலாம் என்று காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் அந்த வழியில் வந்ததுதான். உணவுத் துறை எடுத்துக்கொண்டதும் அதே கொள்கையே. ஆனால் இரத்தம் யாரிடமிருந்து எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே தன்மையுள்ள திரவமாக இருக்க, உணவோ ஒன்றில் கொழுப்பும் ஒன்றில் மாவும் ஒன்றில் நிறமியும் மிகுந்து, கருவிக்குள் போவதற்கு முன்பே இடைஞ்சல் செய்கிறது. குளுக்கோமீட்டர் வீடுதோறும் நுழைந்த அளவுக்கு உணவுச் சோதனைக் கருவிகள் பரவாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆய்வகச் சோதனைக்கு இது மாற்றாகுமா?

ஆகாது. ஆய்வகத்தில் குரோமட்டோகிராபி எனப்படும் நிறப்பகுப்பு, நிறை நிறமாலை முதலிய முறைகள் ஒரே மாதிரியிலிருந்து நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றின் அளவையும் சொல்லும். உயிரி உணரி பெரும்பாலும் ஒரே ஒரு பொருளை, அல்லது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சில பொருள்களை மட்டும் தேடி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கிறதா இல்லையா என்ற வினாவுக்கு விடை தரும். காலையில் வந்து நிற்கும் பால் டேங்கரை உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்று பத்து நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டியவருக்கு, மூன்று நாள் கழித்து வரும் துல்லியமான அறிக்கையைவிட இந்த ஒற்றை விடையே உதவும். ஆகவே இதை ஒரு சல்லடையாக எண்ணிக்கொள்வது பொருத்தம்: சந்தேகத்துக்கு இடமானதைப் பிரித்துத் தரும்; அதன் மேல் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஆய்வகத்தினுடையது.

பாலில் ஆன்டிபயாடிக் எச்சத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உணவுத் துறையில் உயிரி உணர்வு முறை மிக நன்றாக வேரூன்றிய இடம் இதுவே. மாட்டுக்கு மடிநோய் வந்தால் பென்சிலின் வகை மருந்தை மடிக்குள் செலுத்துவது வழக்கம். மருந்தைப் பொறுத்துச் சில நாட்களுக்கு அந்த மாட்டின் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. அந்த இடைவெளியைக் கடைப்பிடிக்காவிட்டால், ஒரு மாட்டின் பால், சங்கத்தின் பாலைச் சேர்த்துக் குளிரூட்டும் தொட்டியான பல்க் கூலர் முழுவதையும் கெடுத்துவிடும். ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து. நுண்ணுயிரிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறுவதற்கும் வழி திறக்கிறது. போதாக்குறைக்கு, உறை ஊற்றிய தயிர் உறையாமல் போகும். தயிரும் சீஸும் செய்யும் ஆலைகள் வேறு எவருக்கும் முன்பாக இச்சோதனையில் அக்கறை காட்டியதற்கு அந்தக் கடைசிக் காரணமே போதுமானதாக இருந்தது. பென்சிலின்-ஜி எச்சத்துக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்திருக்கும் உச்சவரம்பு ஒரு கிலோ பாலுக்கு 4 மைக்ரோகிராம்.

சோதனை நடக்கும் விதம் இது. ஒரு சிறு குழியில், பென்சிலினைப் பற்றிக்கொள்ளக்கூடிய புரதம் நுண்ணிய தங்கத் துகள்களோடு பிணைக்கப்பட்டு உலர்ந்த நிலையில் இருக்கும். அதில் சில துளிப் பாலை விட்டதும் துகள்கள் கலந்து பால் இளஞ்சிவப்பாகிறது. சில நிமிடம் இளஞ்சூட்டில் வைத்த பின் அதில் ஒரு பட்டையை நிறுத்தினால், பால் பட்டையின் மேல் ஊர்ந்து ஏறுகிறது. பட்டையின் குறுக்கே ஓரிடத்தில் பென்சிலின் மூலக்கூறு முன்கூட்டியே ஒட்டப்பட்டிருக்கும். பாலில் பென்சிலின் இல்லையென்றால், கை காலியாக வரும் புரதம் அந்த இடத்தில் சிக்கி, தங்கத் துகள்கள் சேர்ந்து சிவப்புக் கோடாகத் தெரியும். பாலில் ஏற்கெனவே பென்சிலின் இருந்தால் புரதத்தின் பிடி நிரம்பிவிடுவதால் அது நிற்காமல் தாண்டிப் போய்விடும். கோடு மங்கும் அல்லது தோன்றவே தோன்றாது.

தங்கம் மஞ்சளாக இல்லாமல் ஏன் சிவப்பாகத் தெரிகிறது என்று கேட்போர் உண்டு. சில பத்து நானோமீட்டர் அளவுக்குத் தங்கம் சிறுத்துப்போகும்போது அதன் எலக்ட்ரான்கள் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. மீதமாகி நம் கண்ணுக்கு வருவது சிவப்பு.

ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு வேறொரு வழியையும் ஆராய்ந்திருக்கிறது. உறங்கும் நிலையிலுள்ள பாக்டீரியா வித்துகளைப் பாலில் இட்டு, அவை முளைக்கின்றனவா என்று பார்ப்பது அந்த முறை. பாலில் மருந்து இருந்தால் முளைக்காது, நிறமும் மாறாது. பட்டையைவிடக் கூடுதல் நேரம் பிடித்தாலும், ஒரே சோதனையில் பல வகை மருந்துகளுக்கு எதிர்வினை காட்டுவது இதன் நன்மை.

அப்படியானால் கோடு தெரிவது நல்லதா, கெட்டதா?

எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கொரோனா காலத்தில் வீட்டுச் சோதனைப் பட்டையைப் பயன்படுத்தியவர்கள் இரண்டு கோடு வந்தால் ஆபத்து என்று பழகியிருக்கிறார்கள். ஒவ்வாமை உண்டாக்கும் புரதம், பாக்டீரியா போன்ற பெரிய இலக்குகளுக்கு அந்தக் கணக்கே பொருந்தும். ஆனால் ஆன்டிபயாடிக், பூஞ்சை நச்சு போன்றவை இரண்டு எதிர்ப்பொருள்கள் ஒரே நேரத்தில் பற்ற இடமில்லாத அளவுக்குச் சிறிய மூலக்கூறுகள். அவற்றுக்கான பட்டைகளில், மேலே சொன்னபடி, கோடு மறைவதுதான் எச்சரிக்கை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டால் நல்ல பால் சாக்கடைக்கும் கெட்ட பால் கூலருக்கும் போகும். எனவே முடிவுகளின் படத்தைச் சோதனை மேசைக்கு மேல் ஒட்டிவைப்பது நல்லது. கட்டுப்பாட்டுக் கோடு எனப்படும் மற்றொரு கோடு எப்போதும் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் பட்டை கெட்டுவிட்டது. அந்த முடிவு செல்லாது.

பாலில் அஃப்ளாடாக்ஸின் எங்கிருந்து வருகிறது?

தீவனத்திலிருந்து. ஈரமாக வைக்கப்பட்ட கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை படர்ந்து அஃப்ளாடாக்ஸின் பி1 என்ற நச்சை உண்டாக்குகிறது. அதைத் தின்ற மாட்டின் கல்லீரல் ஒரு பகுதியை எம்1 ஆக மாற்ற, அது பாலில் வெளியேறுகிறது. தீவனத்தை மாற்றினால் சில நாட்களிலேயே பால் சுத்தமாகிவிடும் என்பது ஆறுதல். ஆனால் வந்துவிட்ட நச்சைக் காய்ச்சுவதாலோ பாஸ்சரைஸ் செய்வதாலோ போக்க முடியாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது, கலப்படமென்று கண்டறியப்பட்டவை வெறும் 12. அஃப்ளாடாக்ஸின் எம்1 வரம்பை மீறியவையோ 368. ஆன்டிபயாடிக் வரம்பை மீறியவை 77. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-இல் அஃப்ளாடாக்ஸின் மிகுந்திருந்தது. பாலைப் பற்றிய நமது பேச்சு முழுவதும் யூரியாவையும் சோப்புத்தூளையும் சுற்றியே நடக்க, மாட்டுக்கு நாமே அள்ளிப்போடும் பூசணம் பிடித்த பிண்ணாக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது இந்த எண்களைப் பார்க்கும் எவருக்கும் உறைக்கும். இந்தியாவில் வரம்பு ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.05. பட்டை வாங்குவோர் அது எந்த வரம்புக்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பிய அளவுக்கு வடிவமைத்த பட்டை இங்கே சட்டப்படி சரியான பாலையும் தள்ளிவிடச் சொல்லும்.

நிலக்கடலையைச் சோதிக்க நல்ல கருவி வாங்கினால் போதுமா?

போதாது. உணவுச் சோதனையின் மிகக் கடினமான பகுதி கருவிக்கு வெளியே இருக்கிறது என்பதை நிலக்கடலையைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

அஃப்ளாடாக்ஸின் உலகுக்குத் தெரியவந்ததே கடலையால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன; பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நச்சே காரணமென்று பிறகு தெரிந்தது. இந்த நச்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான பருப்புகள் சுத்தமாக இருக்க, பூச்சி துளைத்ததோ தோல் வெடித்ததோ சுருங்கியதோ ஆன ஒன்றிரண்டில் மட்டும் நச்சு குவிந்திருக்கும். மிக மோசமாகத் தாக்கப்பட்ட ஒரு பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற செறிவுகூடப் பதிவாகியிருக்கிறது. அரை கிராம் எடையுள்ள அத்தகைய பருப்பு ஒன்றில் 500 மைக்ரோகிராம் நச்சு இருக்கும். அதை 20 கிலோ சுத்தமான பருப்போடு சேர்த்து அரைத்தால் சராசரி கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். மேலும் பதப்படுத்த வேண்டிய கடலைக்கு இந்தியாவில் உள்ள 15 என்ற வரம்பை அது தாண்டிவிடும். ஏற்றுமதிச் சரக்கு நேரடியாக உண்ணத்தக்கதாக ஐரோப்பாவுக்குப் போவதானால் மொத்த அஃப்ளாடாக்ஸின் 4-ஐத் தாண்டக் கூடாது.

இப்போது மூட்டையின் மேற்புறத்திலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, மிக்ஸியில் அரைத்து, உலகிலேயே சிறந்த உயிரி உணரியில் இட்டாலும் என்ன நடக்கும்? அந்த ஒரு பருப்பு கைப்பிடிக்குள் வராத வரை கருவி “சுத்தம்” என்றே சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை. தன்னிடம் தரப்பட்டதைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. எனவே சரக்கின் பல இடங்களிலிருந்தும், மூட்டையின் அடி நடு மேல் என்று குத்தூசியால் எடுத்து, பல கிலோ சேர்த்து, முழுவதையும் மாவாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து சோதனைக்கான சிறு பங்கை எடுக்க வேண்டும். பிறகு நச்சை மெத்தனால் கலந்த நீரில் பிரித்தெடுத்து, அந்த மெத்தனால் எதிர்ப்பொருளைக் குலைத்துவிடாதபடி நீர்க்கச் செய்ய வேண்டும். பட்டை ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடும். அதற்கு முந்தைய வேலைக்கு ஒரு முற்பகல் போகும். துண்டறிக்கையில் அச்சாவது அந்த ஐந்து நிமிடம் மட்டுமே.

காய்கறியில் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சந்தையிலேயே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். கரிம பாஸ்பரஸ், கார்பமேட் ஆகிய இரு குடும்பங்களைச் சேர்ந்த பூச்சிக்கொல்லிகள், நரம்புகளுக்கு இன்றியமையாத அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குவதன் மூலமே பூச்சியையும் மனிதரையும் கொல்கின்றன. அதே நொதியை அட்டையிலோ மின்முனையிலோ பூசி, காய்கறியைக் கழுவிய சாற்றை அதன்மேல் விட்டு, நொதி இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே சோதனை. நஞ்சு எப்படிக் கொல்கிறதோ அதே வழியில் அதைப் பிடிப்பதால், பெயர் தெரியாத கரிம பாஸ்பரஸ் மருந்தையும் இது காட்டிக்கொடுக்கும். பீகார் மாநிலம் சாப்ரா அருகே 2013 ஜூலையில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்ததற்குக் காரணமான மோனோகுரோட்டோபாஸ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

குறைகள் மூன்று உண்டு. எந்த மருந்து, எவ்வளவு என்று இது சொல்லாது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளும் இமிடாகுளோபிரிட் வகையும் இந்த நொதியைத் தொடுவதே இல்லை என்பதால், அவை எவ்வளவு இருந்தாலும் சோதனையில் தப்பிவிடும். மூன்றாவது அதிகம் பேசப்படாதது: குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்றவை கந்தகம் உள்ள தம் இயல்பு வடிவில் நொதியை மிகக் குறைவாகவே முடக்கும்; உடலுக்குள் ஆக்ஸிஜனேற்றம் அடைந்த பிறகே முழு நஞ்சாகின்றன. ஆகவே சோதனைக்கு முன் சாற்றைப் புரோமின் நீர் போன்ற ஒன்றால் ஆக்ஸிஜனேற்றம் செய்யும் படி ஒன்று செய்முறையில் இருக்க வேண்டும். அந்தப் படியே இல்லாத அட்டை மலிவாகக் கிடைக்கிறதென்றால், அது மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பூண்டு, வெங்காயம், முள்ளங்கி ஆகியவற்றின் இயற்கைச் சாறும் இத்தகைய சோதனையில் குழப்பம் விளைவித்து, மருந்தே அடிக்காத காயைக் குற்றவாளியாக்கக்கூடும்.

சால்மோனெல்லாவைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும் கருவி என்கிறார்களே, நம்பலாமா?

கருவி தன் பங்கைப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். ஆனால் உணவைக் கையில் எடுத்ததிலிருந்து பத்து நிமிடத்தில் விடை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பல உணவுகளுக்குச் சட்டம் கேட்பது 25 கிராமில் ஒரு சால்மோனெல்லா பாக்டீரியாகூட இருக்கக் கூடாது என்பதே. உணரிக்குள் போவதோ ஒரு துளியின் சிறு பங்கு. அதிலும் ஒரு மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம் கிருமிகள் இருந்தால்தான் பெரும்பாலான உணரிகளுக்குத் தெரியும். எனவே 25 கிராம் உணவை 225 மில்லி ஊட்டக் கரைசலில் கலந்து, உடல் வெப்பத்தில் ஏறத்தாழ 18 மணி நேரம் வைத்துக் கிருமிகளைப் பெருக்குகிறார்கள். ஒரே ஒரு கிருமியிலிருந்து தொடங்கினால், மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் என்ற நிலையை எட்ட அது 21 முறைக்கு மேல் இரட்டிக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தாலும் பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உலர்ந்தோ உறைந்தோ வாடிய கிருமி முதலில் தேறி எழுவதற்கான நேரம் தனி. இந்தக் கணக்கை எந்த மின்னணுவியலாலும் குறுக்க முடியாது. வழக்கமான வளர்ப்பு முறையில் மூன்று முதல் ஐந்து நாள் ஆவதை, உணரி சேர்ந்த முறை ஒரு நாளாகக் குறைக்கிறது என்பதே நேர்மையான கூற்று. அதுவே பெரிய நன்மை. பெருக்குவதற்கு இன்னொரு பயனும் உண்டு: எதிர்ப்பொருளும் டி.என்.ஏ. இழையும் செத்த கிருமியையும் பற்றிக்கொள்ளும். உயிருள்ளது மட்டுமே பெருகும்.

தொழிற்சாலைகளில் அன்றாடம் புழங்கும் விரைவுச் சோதனை வேறொன்று. கழுவிய இயந்திரத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, மின்மினிப் பூச்சியின் ஒளிர் நொதி உள்ள குழாயில் இட்டால், எஞ்சியிருக்கும் ஏ.டி.பி. என்ற, உயிரணுக்களில் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறின் அளவுக்கேற்ப ஒளி வரும். கைக்கருவி அதை எண்ணாகக் காட்டும். எந்தக் கிருமி என்று தெரியாது, கிருமியா உணவுத் துணுக்கா என்றும் தெரியாது. சரியாகக் கழுவவில்லை என்பது மட்டும் அரை நிமிடத்தில் தெரியும். தென்னாப்பிரிக்காவில் 2017-18-இல் பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியின் வழியே பரவிய லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 1,060 பேரைத் தாக்கி 216 உயிர்களைக் கொண்டுபோனது. உண்டதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே 70 நாள்வரை ஆகக்கூடிய நோயில், மூலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போவதைவிட ஆலையின் தரையையும் வடிகாலையும் அடிக்கடி சோதிப்பது பலன் தரும்.

மீன் எவ்வளவு பழையது என்று உணரியால் சொல்ல முடியுமா?

முடியும், ஜப்பானியர் இதில் நெடுங்காலமாக முன்னிற்கிறார்கள். மீன் செத்ததும் அதன் தசையிலுள்ள ஏ.டி.பி. படிப்படியாகச் சிதைந்து, சுவை தரும் ஐ.எம்.பி. ஆகி, பிறகு ஐனோசினாகவும் கசப்பான ஹைப்போசாந்தினாகவும் மாறுகிறது. கடைசி இரண்டின் பங்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் கே மதிப்பு என்பார்கள்; பச்சையாக உண்ணும் மீனுக்கு அது 20-க்குள் இருக்க வேண்டும் என்பது ஜப்பானிய வழக்கம். சாந்தின் ஆக்ஸிடேஸ் நொதி ஹைப்போசாந்தினைச் சிதைக்கும்போது ஆக்ஸிஜன் குறைவதைக் கிளார்க்கின் மின்முனையே அளந்துவிடும். துர்நாற்றம் வருவதற்கு வெகு முன்பே இது பேசத் தொடங்கும் என்பது சிறப்பு. எனினும் இச்சிதைவின் வேகம் மீனுக்கு மீன் மாறுவதால், ஒரு மீனுக்கு வகுத்த எல்லையை மற்றொன்றுக்கு அப்படியே போட முடியாது.

ஹிஸ்டமின் தனிக் கதை. சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றை ஐஸ் போடாமல் வைத்தால் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்கும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் படபடப்பும் வரும். “எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது” என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள், உண்மையில் ஒத்துக்கொள்ளாதது ஐஸ் இல்லாத பெட்டி. டையமின் ஆக்ஸிடேஸ் நொதி கொண்ட உணரிகள் இதற்கு உண்டு. கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பதால், மைக்ரோகிராம் கணக்கில் அல்லாட வேண்டிய மற்ற நச்சுகளைவிட இதை அளப்பது எளிது.

மீனில் ஃபார்மலின் பார்க்கும் பட்டையும், ஐ.ஐ.டி. மெட்ராஸின் பால் சோதனைக் காகிதமும் உயிரி உணரிகளா?

கண்டிப்பான பொருளில் இல்லை. 2018-இல், மீன் கெடாதிருக்க ஃபார்மலின் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கும் பிரச்சினை கேரளத்திலும் சென்னையிலும் பெரிதாகப் பேசப்பட்டபோது பரவலாக அறியப்பட்ட பட்டையை உருவாக்கியது கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். மீனின் மேல் தேய்த்து ஒரு துளி வேதிக்கரைசலை விட்டால் நிறம் மாறும். அதில் உயிரியல் மூலக்கூறு எதற்கும் வேலையில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் 2023-இல் அறிவித்த முப்பரிமாணக் காகிதக் கருவியும் யூரியா, சோப்பு, மாவு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்றவற்றை வேதிவினையால் 30 வினாடியில் நிறமாகக் காட்டுவதே. பயன்படுத்துவோருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. எளிய வேதிவினை போதுமான இடத்தில் நொதியைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை.

பாலில் யூரியாவுக்கு மட்டும் ஒரு குறிப்பு. யூரியேஸ் நொதியைக் கொண்டு யூரியாவை அம்மோனியாவாக்கி அளக்கும் உணரி மிக நுட்பமாக வேலை செய்யும். ஆனால் இயற்கையான பாலிலேயே யூரியா உண்டு. நூறு மில்லிலிட்டரில் 70 மில்லிகிராம் வரை இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. எனவே “யூரியா இருக்கிறது” என்பது குற்றச்சாட்டு ஆகாது; எவ்வளவு என்று சொல்லும் கருவியே தேவை.

நம் ஊர் வெயிலில் இவை தாங்குமா?

நொதியும் எதிர்ப்பொருளும் புரதங்கள். பெரும்பாலான பட்டைகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். அறை வெப்பத்தில் வைக்கலாம் என்பவைகூட 25 அல்லது 30 டிகிரியைக் கணக்கில் கொண்டவை, சித்திரை மாத மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அலமாரியை அல்ல. உறையைப் பிரித்துவிட்டுக் கடல்காற்றில் விட்ட பட்டை, ஈரத்தை உறிஞ்சி மெல்லக் கெடும். பட்டையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிரித்தால் அதன்மேல் நீர் பூக்கும்; அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக ஆப்டமர் எனப்படும் குறுகிய டி.என்.ஏ. இழைகள் ஆராயப்படுகின்றன. கோடிக்கணக்கான இழைகளிலிருந்து இலக்கைப் பற்றுவதை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெருக்கும் முறை 1990-இல் வெளியானது. இவை சூட்டில் சுருண்டாலும் ஆறியதும் பழைய வடிவுக்குத் திரும்பக்கூடியவை. விலங்குகளின் உதவியின்றி ஆய்வகத்திலேயே செய்யலாம். ஆய்வுக் கட்டுரைகளில் இவற்றுக்குக் குறைவில்லை, கடையில் கிடைப்பவைதான் மிகக் குறைவு. சுத்தமான கரைசலில் அற்புதமாக வேலை செய்யும் ஆப்டமர், மிளகாய்த்தூள் சாற்றில் அதே அளவு வேலை செய்வது அரிது.

இந்த முடிவை வைத்து ஒருவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியுமா?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006-இன்படி, உணவுப் பாதுகாப்பு அலுவலர் முறைப்படி மாதிரி எடுத்து, அதை நான்கு பங்காக்கி முத்திரையிட்டு, ஒன்றை உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும்; பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதை ஏற்காதவர் மேல்முறையீடு செய்து, மேல்நிலை ஆய்வகத்தின் சோதனையைக் கோரலாம். பட்டை காட்டும் முடிவு இந்த வரிசையில் தொடக்கப் புள்ளியாக இருக்கலாம், சான்றாக நிற்காது. விரைவுச் சோதனைக் கருவிகளைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்க இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் தனித் திட்டம் வைத்திருக்கிறது. வாங்குவதற்கு முன் அந்த ஒப்புதல் உண்டா என்று கேட்பது முதல் வேலை.

சங்கமோ சிறு ஆலையோ வாங்கும்போது வேறு என்ன கேட்க வேண்டும்?

கருவி கண்டறியும் குறைந்தபட்ச அளவு சட்ட வரம்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். வரம்புக்கு மேலே இருந்தால் பயனில்லை. மிகவும் கீழே இருந்தால் நல்ல சரக்கும் வீணாகும். நீங்கள் சோதிக்கப்போகும் உணவிலேயே அது சரிபார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். பசும்பாலுக்குச் சரியான பட்டை, கொழுப்பு மிகுந்த எருமைப்பாலில் ஊர்ந்து ஏறவே திணறலாம். கெட்டதை நல்லதென்று விடும் பிழை எத்தனை சதவீதம், நல்லதைக் கெட்டதென்று தள்ளும் பிழை எத்தனை சதவீதம் என்று தனித்தனியே கேளுங்கள். “99 சதவீதம் துல்லியம்” என்ற ஒற்றை எண் இரண்டையும் மறைத்துவிடும். பட்டையோடு, நச்சு உள்ளதென்று உறுதியான ஒரு மாதிரியும் இல்லாததென்று உறுதியான ஒரு மாதிரியும் தருகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். புதிய பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் இவ்விரண்டையும் ஓட்டிப் பார்க்காத இடத்தில் சோதனை வெறும் சடங்காகிவிடும்.

எல்லாச் சோதனையிலும் தேறிய உணவு பாதுகாப்பானதுதானே?

தேடியவை அதில் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். சீனாவில் 2008-இல் பாலில் நீரைக் கலந்தவர்கள், புரதம் குறைந்தது தெரியாதிருக்க மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். அன்றைய சோதனை புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்து புரதமென்று கணக்கிட்டது. மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். பால்மாவு சோதனையில் தேறியது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டு, ஆறு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகே மெலமைனுக்கென்று பட்டைகளும் உணரிகளும் உலகெங்கும் செய்யப்பட்டன.

வீட்டில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கடுமையான உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாதவர்களுக்கு, கைக்கருவிகள் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவையும் தட்டின் ஒரு மூலையில் எடுத்த துணுக்கை மட்டுமே பார்ப்பவை என்பதால், சமையற்காரரிடம் கேட்பதை அவற்றை நம்பி நிறுத்திவிட முடியாது. மற்றவர்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிவதும், அப்படி எறிந்ததை மாட்டுக்குப் போடாமல் இருப்பதும், மீனை ஐஸோடு வாங்கி உடனே குளிர்பெட்டியில் வைப்பதும், காய்களை ஓடும் நீரில் கழுவுவதும் பட்டை வாங்கும் செலவில்லாமலே செய்யக்கூடியவை.